'விகரஸ்லி' - ஒரு சொல்லும் அதன் சுற்றத்தாரும்

ஆங்கிலப் பாடத்தில் ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாவிட்டால் நாம் அகராதியைப் புரட்டுகிறோம். அங்கே கிடைக்கும் முதல் தமிழ்ச் சொல்லை ஏட்டின் ஓரத்தில் எழுதிக்கொள்கிறோம். அத்துடன் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். பெயர்ச்சொற்களுக்கு இந்த முறை ஓரளவு பயன்படும். மேசை எங்கே போனாலும் மேசைதான். ஆனால் வினையை அடுத்து நின்று அதன் தன்மையைக் காட்டும் வினையடைச் சொற்களுக்கு இது போதாது. அவை தாம் சேரும் வினைக்கு ஏற்பத் தம் நிறத்தை மாற்றிக்கொள்ளும். இதற்கு எடுத்துக்காட்டாக 'விகரஸ்லி' என்னும் சொல்லை இங்கே எடுத்துக்கொள்வோம். ஆற்றலையும் ஊக்கத்தையும் குறிக்கும் சொல் இது. பாடநூலிலும், செய்தித்தாளிலும், மருந்துச் சீட்டிலும், ஆய்வுக்கூடத்திலும் அடிக்கடி காணப்படுவது.

அகராதியில் இதற்கு 'ஊக்கமாக, வலிமையுடன்' என்ற பொருள் இருக்கும். இந்தப் பொருளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கீழே உள்ள செயல்களைப் பாருங்கள். ஆங்கிலத்தில் இந்த ஏழு இடங்களிலும் 'விகரஸ்லி' என்றே எழுதலாம்.

1. மருந்துப் புட்டியை நன்றாகக் குலுக்கினாள்.
2. அழுக்குத் துணியை அழுத்தித் தேய்த்தாள்.
3. உலையில் நீர் தளதளவென்று கொதிக்கிறது.
4. குற்றச்சாட்டை அமைச்சர் வன்மையாக மறுத்தார்.
5. மழைக்குப் பின் செடி செழித்து வளர்கிறது.
6. வேட்பாளர் மும்முரமாகப் பிரசாரம் செய்தார்.
7. குழந்தை தலையைப் பலமாக ஆட்டியது.

'நீர் ஊக்கமாகக் கொதிக்கிறது' என்று எந்தத் தாயாவது சொல்வாளா? 'செடி வன்மையாக வளர்கிறது' என்று எந்த உழவராவது சொல்வாரா? ஆங்கிலத்தில் ஒரே சொல் ஏழு வீடுகளுக்கும் விருந்தாளியாகப் போகிறது. தமிழிலோ ஒவ்வொரு வினைக்கும் ஒரு சொந்தத் துணை இருக்கிறது. ஆகவே மொழிபெயர்க்கும்போது வினையடைச் சொல்லைத் தனியே பிரித்துப் பொருள் தேடாமல், வினையோடு சேர்த்தே பார்க்க வேண்டும். 'இந்த வினையுடன் தமிழர் எந்தச் சொல்லைச் சேர்ப்பர்?' என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

சொல்லின் பிறப்பு

'விகர்' என்பது இலத்தீன் மொழியிலிருந்து வந்த சொல். உயிர்த்துடிப்புடன் இருத்தல், செழித்திருத்தல் என்பது அதன் மூலப்பொருள். அதே தொல்வேரிலிருந்து வந்த வேறு இரண்டு சொற்களும் நமக்கு நன்கு தெரிந்தவை. ஒன்று 'விஜில்', அதாவது விழித்திருத்தல். பாஸ்கா இரவில் நாம் கொண்டாடும் திருவிழிப்பு வழிபாட்டின் ஆங்கிலப் பெயரில் இச்சொல்லே உள்ளது. மற்றொன்று 'வெஜிடபிள்'. இன்று காய்கறியைக் குறிக்கும் இச்சொல் தொடக்கத்தில் 'உயிர்ப்புடன் வளர்வது' என்ற கருத்தைத் தாங்கி நின்றது. விழித்திருப்பது, வளர்வது, ஆற்றலுடன் இயங்குவது ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், 'விகரஸ்லி' என்பதில் வெறும் முரட்டுப் பலம் இல்லை, உயிர்ப்பும் உண்டு என்பது விளங்கும்.

தாவரவியலில் இரு வேறு வகைகளைக் கலந்து உருவாக்கிய பயிர் தாய்ப் பயிர்களைவிடச் செழித்து வளர்வதை 'ஹைப்ரிட் விகர்' என்பார்கள். நம் உழவர்கள் அத்தகைய விதையை 'வீரிய ஒட்டு' என்கிறார்கள். மக்காச்சோளமும் பருத்தியும் பயிரிடுவோர்க்கு இது பழகிய பெயர். 'விகர்' என்பதற்கு 'வீரியம்' என்ற சொல் எவ்வளவு அழகாகப் பொருந்திவிட்டது, பாருங்கள்!

மகப்பேறு மருத்துவத்திலும் இச்சொல்லுக்கு இடமுண்டு. பிறந்த குழந்தை நன்றாக மூச்சு விட்டு, கைகால்களை மடக்கி அசைத்து, இதயத் துடிப்பு நிமிடத்திற்கு 100-க்கு மேல் இருந்தால், அக்குழந்தையை மருத்துவர் 'விகரஸ்' என்று குறிப்பிடுவர். பிரசவ அறைக்கு வெளியே காத்திருக்கும் பாட்டி, 'பிள்ளை வீரிட்டு அழுதது' என்று கேட்டதும் மகிழ்வதும் இதே காரணத்தால்தான்.

எழுத்தும் ஒலிப்பும்

இச்சொல்லை எழுதும்போது ஒரு பொறி உண்டு. பிரிட்டிஷ் முறைப்படி 'விகர்' என்னும் பெயர்ச்சொல்லின் இறுதியில் 'ஓ, யூ, ஆர்' என்ற மூன்று எழுத்துகள் வரும். அமெரிக்கர் 'யூ' இல்லாமல் எழுதுவர். ஆனால் 'விகரஸ்', 'விகரஸ்லி' என்று மாறும்போது, 'ஆர்' எழுத்துக்கு முன் இருந்த அந்த 'யூ' இரு நாட்டிலும் மறைந்துவிடும். 'ஹியூமர்' என்பது 'ஹியூமரஸ்' ஆகும்போதும், 'கிளாமர்' என்பது 'கிளாமரஸ்' ஆகும்போதும் இதுவே விதி. ஆனால் 'ஹானரபிள்', 'கலர்ஃபுல்', 'ஃபேவரபிள்' ஆகியவற்றில் பிரிட்டிஷ் முறைப்படி 'யூ' நீடிக்கும். 'அஸ்' என்று முடியும் சொற்களில் மறையும் என்று நினைவில் கொள்ளுங்கள்.

'எனர்ஜெட்டிக்' என்பதை வினையடையாக்கும்போது 'எல், ஒய்' மட்டும் சேர்த்தால் போதாது. 'ஏ, எல், எல், ஒய்' என நான்கு எழுத்துகள் சேர வேண்டும். ஆனால் ஒலிக்கும்போது அந்த 'ஏ' காதில் விழாது. 'எனர்ஜெட்டிக்லி' என்றே சொல்ல வேண்டும். 'ஐ, சி' என முடியும் சொற்களுக்கெல்லாம் இதுவே பொதுவிதி. 'பப்ளிக்லி' மட்டும் விலக்கு. அதில் 'எல், ஒய்' மட்டுமே வரும்.

'ஸ்ட்ரென்யுவஸ்லி' என்ற சொல்லைச் சொல்லும்போது முன்னால் ஓர் 'இ' சேர்த்து 'இஸ்ட்ரென்' என்று தொடங்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்பதும் இதே பழக்கம்தான். வாயைத் திறக்குமுன் 'ஸ்' என்று காற்றைச் சற்று நீட்டிப் பழகினால் இது தானே திருந்தும்.

சுற்றத்தார் யார், யார்?

ஒருபொருட் சொற்களைத் தொகுத்தவர்களில் புகழ்பெற்றவர் பீட்டர் மார்க் ரோஜெ என்னும் ஆங்கிலேய மருத்துவர். 1805-இல் தம் சொந்த உபயோகத்திற்காகத் தொடங்கிய சொற்பட்டியலை விரிவாக்கி, 1852-இல், தமது 73-ஆம் வயதில் 'தெசாரஸ்' என்ற பெயரில் வெளியிட்டார். அத்தகைய நூல் நமக்குச் சொற்களை வரிசையாக அள்ளித் தரும். எதை எங்கே வைப்பது என்பதை நாம்தாம் அறிந்திருக்க வேண்டும். ஒரே குடும்பத்துச் சகோதரிகள் முகச்சாயலில் ஒத்திருந்தாலும் குணத்தில் வேறுபடுவது போல, இச்சொற்களும் வேறுபடுகின்றன.

எனர்ஜெட்டிக்லி: 'வேலை' என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லை வேராகக் கொண்டது. நிறையச் சக்தி இருந்து, அது சுறுசுறுப்பாக வெளிப்படுவதைக் காட்டும். குழந்தைகள் துள்ளித் திரிவதற்கும், ஓர் ஆசிரியை ஓய்வின்றி இயங்குவதற்கும் பொருந்தும். 'விகரஸ்லி' ஒரு செயலின் வேகத்தையும் அழுத்தத்தையும் காட்ட, 'எனர்ஜெட்டிக்லி' செய்பவரின் சுறுசுறுப்பைக் காட்டுகிறது. அதனால்தான் நீர் 'விகரஸ்லி' கொதிக்கும். 'எனர்ஜெட்டிக்லி' கொதிப்பதாக எழுத மாட்டார்கள்.

ஸ்ட்ரென்யுவஸ்லி: இதில் பாடுபடுதல் உண்டு. எதிர்ப்பையோ களைப்பையோ பொருட்படுத்தாமல் முயல்வதைக் குறிக்கும். மறுப்பது, எதிர்ப்பது, உழைப்பது ஆகிய வினைகளுடன் மிகுதியாகச் சேரும். அமெரிக்காவின் தியடோர் ரூஸ்வெல்ட் 1899-இல் சிகாகோ நகரில் நிகழ்த்திய புகழ்பெற்ற சொற்பொழிவின் பெயரே 'தி ஸ்ட்ரென்யுவஸ் லைஃப்'. சுகத்தைத் தேடாமல் பாடுபட்டு வாழும் வாழ்வு என்பது அதன் கருத்து.

ப்ரிஸ்க்லி: விறுவிறுவென்று. நடை, வியாபாரம், காற்று ஆகியவற்றுடன் சேரும். இதில் வேகம் உண்டு, வருத்தம் இல்லை.

ஹார்ட்டிலி: மனமார, வயிறார. சிரிப்பது, உண்பது, பாராட்டுவது, வரவேற்பது ஆகியவற்றுடன் சேரும்.

லஸ்டிலி: குரலெடுத்து, தொண்டை திறந்து. பாடுவதற்கும், பச்சைக் குழந்தை அழுவதற்கும் வரும்.

வீஹ்மென்ட்லி: இதில் உணர்ச்சியின் வெப்பம் உண்டு. பெரும்பாலும் எதிர்ப்பு, மறுப்பு, வாதம் ஆகியவற்றுடனே வரும். துணியை 'வீஹ்மென்ட்லி' தேய்த்தாள் என்றால் அவளுக்கு அந்தத் துணியின்மேல் ஏதோ கோபம் என்று பொருள் தொனிக்கும்!

என்தூசியாஸ்டிக்லி: ஆர்வம் பொங்க. 'தெய்வத்தால் ஆட்கொள்ளப்பட்ட' என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் மதவெறியைப் பழிக்கும் சொல்லாகவே 'என்தூசியாசம்' வழங்கியது. பிறகு மெல்ல மெல்ல நல்ல பொருளைப் பெற்றது. மனிதரைப்போல் சொல்லும் தன் பெயரை மீட்டுக்கொள்ள முடியும் போலும்!

தமிழிலும் இந்த நுண்ணிய வேறுபாடு உண்டு என்பதற்குத் திருக்குறளே சான்று. வள்ளுவர் 'ஊக்கமுடைமை', 'மடியின்மை', 'ஆள்வினையுடைமை' என 60, 61, 62-ஆம் அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். மனத்தில் எழும் சக்தி ஒன்று. சோம்பலை நீக்குவது ஒன்று. கையால் முயன்று முடிப்பது ஒன்று. மூன்றும் நெருங்கியவை, ஆனால் ஒன்றல்ல.

ஏமாற்றும் இரட்டையர்

உருவத்தால் ஒத்து, பொருளால் வேறுபடும் சிலவற்றை இங்கே தனியே சொல்ல வேண்டும். தேர்விலும் விண்ணப்பத்திலும் நம்மைக் காலை வாருபவை இவையே.

'விகரஸ்லி', 'ரிகரஸ்லி': முதல் எழுத்து மட்டுமே வேறு. 'ரிகர்' என்பது விறைப்பு, கண்டிப்பு. விதியை இம்மியும் பிசகாமல் கடைப்பிடித்துச் சோதிப்பதே 'ரிகரஸ்லி'. நீதிமன்றத் தீர்ப்புகளில் வரும் 'கடுங்காவல் தண்டனை' என்பதன் ஆங்கிலப் பெயரில் இந்த 'ரிகரஸ்'தான் இருக்கிறது.

'ஃபோர்ஸ்ஃபுலி', 'ஃபோர்சிப்லி': முன்னது சொல்லாலும் வாதத்தாலும் அழுத்தமாக. பின்னது பலவந்தமாக. 'மாணவத் தலைவி தன் கருத்தை ஃபோர்ஸ்ஃபுலி சொன்னாள்' என்றால் பாராட்டு. ஒருவரை வீட்டிலிருந்து 'ஃபோர்சிப்லி' வெளியேற்றினார்கள் என்றால் பிடித்துத் தள்ளினார்கள் என்று பொருள்.

'ஹார்ட்', 'ஹார்ட்லி': எல்லாவற்றிலும் கொடியது இதுவே. 'ஹார்ட்' என்பது அப்படியே வினையடையாகவும் வரும். 'ஐ வொர்க் ஹார்ட்' என்றால் நான் கடுமையாக உழைக்கிறேன். வினையடைக்கு 'லி' வேண்டுமே என்று எண்ணி, 'லி' சேர்த்து 'ஐ ஹார்ட்லி வொர்க்' என்று எழுதினால், 'நான் பெரும்பாலும் வேலையே செய்வதில்லை' என்று ஆகிவிடும். வேலைக்கு விண்ணப்பிக்கும் பெண் தன் கையாலேயே இப்படி எழுதிக் கையெழுத்திட்டால், அதைப் படிக்கும் அதிகாரி என்ன நினைப்பார்?

அன்றாட வாழ்வில்

இவையெல்லாம் இலக்கண ஆசிரியைகளின் கவலைதானே என்று எண்ண வேண்டாம். இந்தச் சொல் நம் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது.

குழந்தைகளுக்குத் தரப்படும் சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் தூளாகப் புட்டியில் வரும். காய்ச்சி ஆறிய நீரைக் குறியிட்ட அளவுவரை ஊற்றி, 'விகரஸ்லி' குலுக்கச் சொல்லியிருக்கும். ஒவ்வொரு முறை கொடுக்கும்போதும் மறுபடி குலுக்க வேண்டும். குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கிவிடும். முதல் நாள் குழந்தைக்குத் தண்ணீரே போய்ச் சேரும்; கடைசி நாள் அளவுக்கு மீறிய மருந்து போய்ச் சேரும்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. நீரிழிவு நோயாளிகள் போட்டுக்கொள்ளும் இன்சுலினில் பால் போல் கலங்கிய ஒரு வகை இருக்கிறது. அதை ஊசியில் எடுக்குமுன் கலக்கத்தான் வேண்டும். ஆனால் குலுக்கக் கூடாது. புட்டியை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக உருட்ட வேண்டும். அதன் குறிப்பில் இருக்கும் சொல் 'ஜென்ட்லி'. வேகமாகக் குலுக்கினால் நுரையும் குமிழியும் உண்டாகி, எடுக்கும் அளவு தவறிவிடும்; மருந்தும் கெடலாம். வீட்டில் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ மருந்து எடுத்துக் கொடுப்பவர் பெரும்பாலும் ஆங்கிலம் படிக்கும் பேத்திதான். ஆகவே 'விகரஸ்லி', 'ஜென்ட்லி' என்ற இரண்டு சொற்களையும் பிரித்தறிவது மதிப்பெண்ணுக்காக மட்டும் அன்று.

வேதியியல் ஆய்வுக்கூடத்தில் இச்சொல் ஓர் அளவுகோலைப்போல் பயன்படுகிறது. லித்தியம் நீருடன் 'ஸ்டெடிலி', அதாவது நிதானமாகச் சீராக, வினைபுரிகிறது. சோடியம் 'விகரஸ்லி' வினைபுரிகிறது. பொட்டாசியமோ 'வயலன்ட்லி' வினைபுரிந்து ஊதா நிறச் சுவாலையுடன் எரிகிறது. மூன்றையும் 'தீவிரமாக' என்று ஒரே சொல்லால் மொழிபெயர்த்து மனப்பாடம் செய்யும் மாணவிக்கு, இவற்றுக்கிடையே ஏறிச் செல்லும் ஆபத்து தெரியாமலே போய்விடும். ஆற்றல் என்பது 'விகரஸ்லி'யோடு நிற்கிறது. கட்டுமீறல் 'வயலன்ட்லி'யில் தொடங்குகிறது.

விளையாட்டுத் திடலிலும் அப்படியே. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 5 முதல் 17 வயது வரை உள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மிதமானது முதல் 'விகரஸ்' வரையிலான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும். அதில் 'விகரஸ்' வகை வாரத்தில் 3 நாளாவது இருக்க வேண்டும். எது மிதமானது, எது 'விகரஸ்' என்று எப்படி அறிவது? பேசிப் பார்க்க வேண்டும். இயங்கிக்கொண்டே பேச முடிந்தால் மிதமானது. 'ப்ரிஸ்க்' நடை இந்த வகை. மூச்சு வாங்காமல் நான்கைந்து சொற்களுக்குமேல் பேச முடியவில்லை என்றால் அதுவே 'விகரஸ்'. வேகமான ஓட்டமும் கயிறாட்டமும் இந்த வகை. ஆகவே வகுப்பறையிலிருந்து நீர்க்குழாய் வரை தோழியுடன் கதைபேசிக்கொண்டு நடப்பதை 'விகரஸ்' என்று உடற்பயிற்சி ஆசிரியையிடம் சொல்ல முடியாது!

வாக்கியத்தில் எங்கே வைப்பது?

தமிழில் 'புட்டியை நன்றாகக் குலுக்கினாள்' என்று வினைக்கு முன்னே வைக்கிறோம். அதே வரிசையில் எழுத முயன்று, 'ஷீ ஷுக் விகரஸ்லி தி பாட்டில்' என்று சிலர் எழுதுவர். ஆங்கிலத்தில் வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவே இச்சொல்லை நுழைப்பது வழக்கமன்று. 'ஷீ ஷுக் தி பாட்டில் விகரஸ்லி' என்று இறுதியில் வைக்க வேண்டும். மறுப்பது, எதிர்ப்பது போன்ற வினைகளுக்கு முன்னே வைப்பதும் நல்ல வழக்கு. 'ஷீ ஸ்ட்ரென்யுவஸ்லி டினைட் இட்' என்பது போல.

சில மரபுத்தொடர்கள்

'டூத் அண்ட் நெயில்' - பல்லாலும் நகத்தாலும் போராடுவது, விட்டுக்கொடுக்காத போராட்டம்.

'ஹாமர் அண்ட் டாங்ஸ்' - கொல்லர் பட்டறையின் சுத்தியலும் குறடும். இரைச்சலும் வேகமுமாக ஒன்றில் இறங்குவது.

'எல்போ கிரீஸ்' - பாத்திரம் பளபளக்க வேண்டிக் கையால் அழுத்தித் தேய்க்கும் உழைப்பு. இந்த 'கிரீஸ்' எந்தக் கடையிலும் கிடைக்காது!

நம் மொழியில் இவற்றுக்கு இணையாக 'வரிந்து கட்டிக்கொண்டு', 'முழுமூச்சாக', 'மூச்சைப் பிடித்துக்கொண்டு', 'கங்கணம் கட்டிக்கொண்டு' என எத்தனை தொடர்கள் இருக்கின்றன!

பயிற்சி

கோடிட்ட இடத்தில் வரவேண்டிய கருத்தை அடைப்பின்றித் தமிழிலேயே தந்துள்ளோம். அதற்குரிய ஆங்கில வினையடையைச் சொல்லுங்கள். விடையைப் பாராமல் முயலுங்கள்.

1. விருந்தினரை மனமார வரவேற்றனர்.
2. தணிக்கையாளர் கணக்கைக் கண்டிப்பாக, விதிப்படி சோதித்தார்.
3. அவள் கடுமையாக உழைத்துத் தேறினாள்.
4. கலங்கிய இன்சுலின் புட்டியை மெதுவாக உருட்டு.
5. காலையில் அப்பா விறுவிறுவென்று நடக்கிறார்.
6. பூட்டிய கதவைப் பலவந்தமாகத் திறந்தனர்.
7. உலைநீர் தளதளவென்று கொதித்தது.
8. தன்மேல் சுமத்திய பழியைச் சளைக்காமல் மறுத்தாள்.

விடைகள்: 1. ஹார்ட்டிலி. 2. ரிகரஸ்லி. 3. ஹார்ட். 4. ஜென்ட்லி. 5. ப்ரிஸ்க்லி. 6. ஃபோர்சிப்லி. 7. விகரஸ்லி. 8. ஸ்ட்ரென்யுவஸ்லி, 'விகரஸ்லி' என்றாலும் தவறில்லை.

எட்டும் சரியாக வந்தவர்கள் தங்கள் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு புட்டியின் மேலும் எந்த வினையடை அச்சாகியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். படித்ததைத் தமிழில் அம்மாவுக்கும் பாட்டிக்கும் எடுத்துச் சொல்லுங்கள். இனி ஏட்டின் ஓரத்தில் ஒரு வினையடையை எழுதும்போது, அதை ஒற்றையாக எழுதாமல், அது சேர்ந்து வரும் வினையையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒரு கல்வியாண்டில் அந்த ஏடே உங்களுக்கு ஒரு நல்ல அகராதியாகிவிடும்.